பஸ் ஸ்டாப்பில் படுத்திருக்கும் பெரியவருக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

தெருமுனை கேட்கிறார்:

சென்னையில் ஒரு பஸ் ஸ்டாப். நிழற்குடைக்குள் பத்து நாளாக ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். அறுபதுக்கு மேல் இருக்கும். வலது கணுக்காலில் புண், அழுக்குத் துணி சுற்றியிருக்கிறது, கிட்டே போனால் வாடை அடிக்கிறது. தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கிறது. கையில் கொடுத்தால் வாங்குவதில்லை, பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தால் சாப்பிடுகிறார். காலையில் அந்த ஸ்டாப்பில் நூறு பேராவது நிற்கிறார்கள். அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஆறடி இடம் எப்போதும் காலியாகக் கிடக்கிறது.

யாரோ 108-க்குச் சொல்லி வண்டி வந்தது. வர மாட்டேன் என்றார், வண்டி திரும்பிவிட்டது. குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் "கார்ப்பரேஷன்ல சொல்லி அப்புறப்படுத்துங்க" என்று பேச்சு ஓடுகிறது. குப்பைக்குச் சொல்லும் சொல்லை ஒரு மனிதருக்குச் சொல்கிறார்கள்.

யாரிடம், எந்த வரிசையில், என்ன சொல்லிப் போக வேண்டும்? அந்தக் காலை நாமே கழுவிக் கட்டலாமா? மனநிலை சரியில்லாதவர் என்றால் போலீஸுக்குச் சொல்வது அவருக்கு நல்லதா, ஆபத்தா? காப்பகத்தில் சேர்த்தால் இருப்பாரா? இந்த வேலையில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள். போட்டோ கேட்காதீர்கள், போட மாட்டேன்.


நிழல்மரம்:

போட்டோ போடாததற்கு நன்றி. அதுவே பாதி மரியாதை.

108 திரும்பிப் போனதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நினைவோடு இருக்கும் ஒருவர் வர மறுத்தால் அவர்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு போக முடியாது. வண்டி வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும். ஆகவே முதல் மூன்று நான்கு நாள் வேலை, பழகுவது மட்டும்தான்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் போங்கள். மிஞ்சினால் இரண்டு பேர். கூட்டமாகப் போனால் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். எதிரே நின்றுகொண்டு குனிந்து பேசாதீர்கள். நாலைந்து அடி தள்ளி, பக்கவாட்டில், தரையில் உட்காருங்கள். அவர் எழுந்து போக நினைத்தால் போகிற வழியை நீங்கள் மறைத்திருக்கக் கூடாது. முதல் நாள் உங்கள் பெயரைச் சொல்லி, தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். போதும்.

கையில் வாங்காதவர், பக்கத்தில் வைத்தால் எடுத்துக்கொள்கிறார் என்கிறீர்கள். எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் மனநோயில் வரும். தெருவில் அடிபட்டவர்களுக்கும் வரும். அவருக்குப் பொட்டலச் சாப்பாட்டைவிடத் தோல் உரிக்காத வாழைப்பழம், பிரிக்காத பிஸ்கட், மூடி திருகாத தண்ணீர் பாட்டில் சரிப்படும். திறந்திருக்கிறதா இல்லையா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

"பிள்ளைங்க இல்லையா, ஏன் வீட்டை விட்டு வந்தீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வாய் மூடிக்கொள்ளாதவர் குறைவு. "கால் வலிக்குதா ஐயா?" என்று கேளுங்கள். தெலுங்கு பேசுகிறவராகத் தெரிந்தால் "அன்னம் தின்னாரா?" (சாப்பிட்டீர்களா), "மீதே ஊரு?" (உங்களுக்கு எந்த ஊர்) என்ற இரண்டு கேள்வி போதும், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். ஊர்ப் பெயர் சொல்லத் தயங்கினால், பக்கத்தில் ஓடும் ஆறு, கோயில், சந்தை கூடும் கிழமை, ரயில் ஸ்டேஷன் பெயர், இவற்றை ஒன்றொன்றாக, வெவ்வேறு நாளில் கேளுங்கள். மாவட்டம் மறந்தவருக்கும் சந்தை ஞாபகம் இருக்கும். சொன்னதைச் சொன்னபடியே குறித்துவையுங்கள், திருத்தாதீர்கள். வீட்டைத் தேடும்போது அந்த உச்சரிப்புதான் உதவும்.

அவர் மூட்டையைத் தொடாதீர்கள். பார்க்கிறவருக்கு அது கிழிசல் துணி. அவருக்கு அதுதான் வீடு. எங்கே போனாலும் மூட்டையும் கூடவே வரும் என்று சொல்லி, சொன்னபடி கொண்டுபோங்கள். "ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்" என்பதைவிட "கட்டு மாத்திட்டு வரலாம்" என்பதற்குச் சம்மதிப்பது சுலபம். அப்படிச் சொன்னால், அன்றைக்கே திரும்ப வேண்டும் என்று கேட்டால் கூட்டி வந்து விட்டுவிடுங்கள். ஒரு பொய் சொல்லி அழைத்துப் போனால் அடுத்த முறை யார் போனாலும் வர மாட்டார்.

போன் விஷயம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லும்போது "பஸ் ஸ்டாப்பை ஆக்கிரமித்திருக்கிறார்" என்ற தொனி வந்துவிடக் கூடாது. புகார் அந்தத் தலைப்பில் பதிவானால் இடத்தைக் காலி செய்கிறவர்கள் வருவார்கள். மூட்டை லாரியில் போகும், மனிதர் அடுத்த ஸ்டாப்புக்குப் போவார், புண் அப்படியே இருக்கும். "வீடற்ற முதியவர், காலில் புண், நகர்ப்புற வீடற்றோர் காப்பகத்தில் இடம் வேண்டும்" என்று சொல்லுங்கள். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். முதியோருக்கான 14567 எண்ணும் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை; வீடற்ற முதியவர்களை மீட்க உதவுவதும் அவர்கள் வேலைதான். இரண்டிலும் பதிந்துவிடுங்கள்.

காப்பகம் நம் தயவில் கிடைப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டு நெறிகளில் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கே இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். ஒரு இரவில் கண்ணில் பட்டவர்கள் மட்டும் அவ்வளவு.

இனி, எல்லாம் உடைந்துபோகும் இடத்தைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் முதல் கேள்வி "கூட யார் வந்திருக்கீங்க?" பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் ஸ்ட்ரெச்சர் ஓரமாக நிற்கும். ஊழியர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கி வர, கழிப்பறைக்குப் பிடித்துக்கொள்ள, நம் மருத்துவமனைகள் அட்டெண்டரை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் கிளம்புவதற்கு முன் மூன்று பேர் சேருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர், முதல் ஒரு நாள். மறுநாள் காலை ஆர்.எம்.ஓ.வை (உறைவிட மருத்துவ அலுவலரை) பார்த்து "ஆதரவற்றவர், அட்டெண்டர் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் ஒப்படையுங்கள். உங்கள் பெயரும் நம்பரும் கொடுத்தால் பணம் கட்டச் சொல்வார்கள், கேஸ் வரும் என்று பயந்துதான் பலர் கேட்டோடு விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அங்கே சிகிச்சை இலவசம். "அழைத்து வந்தவர்" என்று பெயர் எழுதினால் நீங்கள் பொறுப்பாளர் ஆகிவிடுவதில்லை. அவருக்காகப் போன் எடுக்க ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.


கட்டுத்துணி:

பல வருடம் காயக் கட்டுப் பிரிவில் இருக்கிற நர்ஸாகப் பதில் சொல்கிறேன். காலில் சுற்றிய துணியை நீங்களே பிரிக்காதீர்கள். ஒட்டிக் காய்ந்த துணியை இழுத்தால் சதை உரிந்து ரத்தம் வரும், அந்த வலிக்குப் பிறகு யாரையும் கிட்டே விட மாட்டார். அவர் சம்மதித்து, வண்டி வரத் தாமதமானால் மட்டும், சுத்தமான தண்ணீரையோ சலைன் பாட்டிலையோ துணி மேலேயே மெதுவாக ஊற்றி ஊறவிடுங்கள். அதற்கு மேல் சுத்தத் துணியைத் தளர்வாகச் சுற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாடை அடிக்கிறது என்பதால் புழு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில்தான் நல்ல மனசோடு பெரிய கெடுதல் செய்கிறார்கள்: மண்ணெண்ணெய், பினாயில், பிளீச்சிங் பவுடர். எதுவும் வேண்டாம். உயிருள்ள சதை வெந்துவிடும், பாதிப் புழு உள்ளேயே செத்து அழுகும். மருத்துவமனையில் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை வைத்து, மூச்சுக்கு மேலே வரும் புழுக்களை இடுக்கியால் எடுப்பார்கள். ஒரே தடவையில் தீராது. இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு நாள் கட்டிவிட்டு அனுப்பினால் ஏன் மறுபடி வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய புண் இருந்தும் வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்: நாள்பட்ட சர்க்கரையாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். தொழுநோய் என்றதும் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். தொட்டதும் ஒட்டுகிற நோய் அல்ல அது, மருந்து இலவசம், குணமாகும்.

108-ஐ மறுபடி அழைக்க நேர்ந்தால் பேசும் விதம் முக்கியம். "பிச்சைக்காரர் ஒருத்தர் விழுந்து கிடக்கிறார்" என்றால் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்வார்கள். "ஆண், வயது சுமார் 65, கூப்பிட்டால் முனகுகிறார், மூச்சு வேகமாக இருக்கிறது, காலில் அழுகிய புண், உடம்பு சுடுகிறது" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு சேர்ந்தால் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். அப்போது பழகிக்கொண்டிருக்க நேரமில்லை. "தனக்குத்தானே பேசுகிறார்" என்பதை எல்லோரும் மனநோய் என்றே எழுதிவிடுகிறார்கள். காய்ச்சல், சர்க்கரை குறைவு, தலையில் அடி, தண்ணீர்ச் சத்து இல்லாமை, குடியை நிறுத்தியது, இவை ஐந்துமே அப்படிப் பேச வைக்கும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால் முதலில் உடம்பைப் பாருங்கள்.

சாப்பாடு. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு ஒரே வேளையில் பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. காய்ந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சரசரவென்று இறங்கும், இதயம் தடுமாறும். சேர்த்து இரண்டாம் மூன்றாம் நாளில் "நல்லாத்தான் சாப்பிட்டார், திடீர்னு போயிட்டார்" என்று சொல்லப்படும் சாவுகளுக்குப் பின்னால் இது இருக்கலாம். உங்கள் பெரியவர் பத்து நாளாக ஏதோ சாப்பிடுகிறார், அதனால் அவ்வளவு பயம் இல்லை. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாக: இட்லி, கஞ்சி, வாழைப்பழம், மோர் சாதம். பல் இல்லாதவருக்குப் பரோட்டாவைக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வீணாக்குகிறார் என்று சொல்லாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம், மூச்சுக்குழாயில் இறங்கும்.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீர். அரை பாட்டிலில் கலந்து கொடுப்பது தப்பு, உப்பு கூடிப்போகும். கலந்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பொட்டலம் இல்லையா, ஒரு லிட்டருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

குடிப்பழக்கம் இருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், நடுங்கும், ஓடப் பார்ப்பார். ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒருவரை அறையில் பூட்டிக் குடியை நிறுத்த வைப்பது கொலைக்குச் சமம். மருத்துவமனையில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டுவிட்டுத்தான் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதற்காகவே இந்தத் தகவல் தேவை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. அதுவும் இலவசம்.


பிரிவு100:

சட்டத்தைப் பற்றி மட்டும். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, பிரிவு 100-ஐ அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனநோய் உள்ளவராகத் தோன்றி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஒருவர் அலைந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்த எல்லைக் காவல் நிலைய அதிகாரியின் கடமை. "எங்க வேலை இல்லை" என்று சொல்ல இடமில்லை. எடுத்த 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஏன் அழைத்துப் போகிறோம் என்று அவரிடமே சொல்ல வேண்டும். பரிசோதித்து, சேர்க்கும் அளவுக்கு மனநோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால், வீடற்றவரை அரசுக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவதும் போலீஸின் பொறுப்பே. பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போக முடியாது.

பலருக்குத் தெரியாத உட்பிரிவு ஒன்று உண்டு: வீடற்றவராக இருந்தால் காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், குடும்பத்தைத் தேட வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். ஆந்திராவிலோ ஒடிசாவிலோ அவர் வீட்டார் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், இரண்டு காகிதமும் சந்திக்க இந்த அறிக்கை வேண்டும்.

போலீஸ் ஆபத்தா என்று கேட்டீர்கள். கூட ஆள் போனால் ஆபத்து குறைவு. இன்ஸ்பெக்டர் பெயருக்கு ஒரு பக்க மனு, இடம், தேதி, பார்த்த அறிகுறிகள், "பிரிவு 100-இன்படி" என்ற வார்த்தை, கீழே இரண்டு பேர் கையெழுத்து, ஒப்புகைச் சீட்டு. வாய்வார்த்தையாகச் சொன்னால் மறக்கப்படும். ஒப்புகை கொடுத்த மனு மேசையில் கிடந்து உறுத்தும்.

சேர்க்கையில் சிக்கல் வரும் இடம், நியமனப் பிரதிநிதி. சிகிச்சை பற்றி முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க, அவர் சார்பில் விண்ணப்பிக்க ஒருவர் வேண்டும் என்கிறது சட்டம். நிழல்மரம் சொன்ன "கூட யார்?" கேள்வியின் சட்ட வடிவம் இது. உறவினர் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. மனநோயாளிகளுக்காக வேலை செய்யும் பதிவுபெற்ற அமைப்பு ஒன்று எழுதிக் கொடுத்தால், மனநல மறுஆய்வு வாரியம் ஒருவரை நியமிக்கும்வரை அதன் பிரதிநிதியைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளலாம். அது 14-ஆவது பிரிவு. அதனால் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே ஒரு அமைப்போடு பேசிவையுங்கள். வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பேன்யன் போன்றவர்களுக்கு இந்த நடைமுறை தண்ணீர்பட்ட பாடு. பிரிவு 18-இன்படி வீடற்றவருக்கு, ஏழ்மை அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மனநல மருத்துவமனையில் எல்லாம் இலவசம். என்ன செய்வதென்று தெரியாத இரவில் 14416-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனை எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

முடி வெட்டி, குளிப்பாட்டி, முன்னும் பின்னும் வீடியோ போடுகிறவர்களுக்கும் ஒன்று. ஒருவர் சம்மதம் இல்லாமல் தலையில் மெஷினை வைப்பது உதவி ஆகாது. சிகிச்சையில் இருப்பவர் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. நாளைக்குக் குணமாகி ஊருக்குத் திரும்பி, வேலை கேட்டுப் போகும்போது அந்த வீடியோ அவருக்கு முன்னால் போய் நிற்கும்.


தெருமுனை:

மூவருக்கும் நன்றி. தினமும் போகிற நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொள்கிறோம், மூன்று பேர் பட்டியலும் தயார். இன்னும் இரண்டு கேள்வி. காப்பகத்திலிருந்து ஓடிவிடுவார்கள் என்று சங்கத்தில் அடித்துச் சொல்கிறார்கள், உண்மையா? அடுத்தது, கோயில் மதில் ஓரம் ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார். அவரையும் இதே வழியில் சேர்க்கலாமா?


நிழல்மரம்:

ஓடுவது உண்மை. நன்றி இல்லாமல் ஓடுகிறார்கள் என்பது பொய். நர்ஸம்மா சொன்ன நடுக்கம் முதல் காரணம்: மூன்றாம் நாள் உடம்பு தாங்காமல் வெளியே போகிறார்கள். அடுத்தது மூட்டை; உள்ளே வாங்கி வைத்துப் பூச்சி என்று எரித்துவிட்டால் அன்றிரவே ஆள் இருக்க மாட்டார். வெயிலில் உலர்த்தி, பாலிதீன் பையில் கட்டி, அவர் கட்டிலுக்கடியில் வைத்தால் இருப்பார். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி நடுராத்திரி திரும்புகிறவருக்குக் கதவு மூடியிருந்தால் அந்தக் காப்பகத்தால் பயனில்லை. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்பதால் வயதான தம்பதிகள் பிரிய மனமில்லாமல் பிளாட்பாரத்துக்கே வருகிறார்கள். பழைய ஆட்களுக்கு இன்னொரு பயம்: பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய 1945-ஆம் வருடச் சட்டம் இங்கே உண்டு, வண்டி வந்தாலே முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போகத்தான் என்று மனதில் பதிந்துவிட்டது.

ஆகவே சேர்க்கும் முன் ஒரு பகல் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள். கதவு எத்தனை மணிக்கு மூடும், பீடிக்கு எங்கே போவது, மூட்டை எங்கே இருக்கும், வேண்டாம் என்றால் கிளம்பலாமா, நாலையும் அவர் காதில் விழும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். சேர்த்த பிறகு முதல் வாரம் மூன்று தடவையாவது போய்ப் பாருங்கள். ஓடுவது அநேகமாக அந்த வாரத்தில்தான்.

தங்கிவிட்டால் ஆதார். காப்பகப் பொறுப்பாளர் அதற்கென்று உள்ள படிவத்தில் போட்டோ ஒட்டிச் சான்று கொடுத்தால் அதையே முகவரிச் சான்றாக ஏற்பார்கள். மூன்று மாதத்துக்குத்தான் அது செல்லும், வாங்கி வைத்துத் தூங்கிவிடாதீர்கள். பதிவு நிராகரிக்கப்பட்டால் சோர்ந்துபோகாதீர்கள். கைரேகை முன்பே பதிவாகியிருக்கலாம், அப்படியென்றால் ஊரும் பெயரும் எங்கேயோ இருக்கிறது. இப்படியே வீடு கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஆதாருக்குப் பின் வங்கிக் கணக்கு, பிறகு 60 வயது தாண்டியவர் என்றால் முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம். மாதம் 1,200 ரூபாய். கையில் காசு வந்ததும் பேச்சில் ஒரு நிமிர்வு தெரியும்.

சங்கத்தில் இதை விவாதமாக்காதீர்கள். "அகற்றணும்" என்பவரிடம் "புதன்கிழமை காலை ஆறு முதல் இரண்டு வரை ஆஸ்பத்திரியில் நிற்க ஆள் வேண்டும்" என்று நேரமும் கிழமையும் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக உதவி கேட்டால் நழுவுகிறவர்கள்கூட நேரம் குறித்துக் கேட்டால் வருவார்கள். டிபன் கடையில் ஒரு கணக்கு வையுங்கள். அவரே போய் எது வேண்டும் என்று சொல்லி வாங்கிச் சாப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பொட்டலமும் செவ்வாய் ராத்திரி ஒன்றுமில்லாமலும் போகிற கதை அதோடு நிற்கும்.


வால்டாக்ஸ்ரோடு:

அந்தப் பெண்ணை "சேர்க்க" வேண்டாம். முதலில் அவரிடம் கேளுங்கள். வால்டாக்ஸ் சாலை, பிராட்வே, ராயபுரம் பக்கம் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பூக்கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், மார்க்கெட்டில் வேலை, வீட்டு வேலை, பழைய பேப்பர். பிள்ளைகள் பக்கத்துக் கார்ப்பரேஷன் பள்ளியில். இவர்கள் பிச்சை எடுக்கிறவர்கள் அல்ல, தொலைந்துபோனவர்களும் அல்ல. இவர்களுக்கு இல்லாதது வீடு ஒன்றுதான். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர்க்கோடியில் இடம் கொடுத்தால் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று கேட்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்குப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர், அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவார்?

பகலில் தூங்குகிறார் என்று சோம்பேறிப் பட்டம் கட்டாதீர்கள். தெருவில் இருக்கும் பெண் ராத்திரி தூங்குவதில்லை, பிள்ளைகளையும் தன்னையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏ.டி.எம். வெளிச்சம், போலீஸ் பூத், ஆஸ்பத்திரி வாசல் என்று பார்த்துத்தான் படுப்பார்கள். "இந்த இருட்டு மூலையில நிம்மதியா படுத்துக்கங்க" என்று நல்லெண்ணத்தில் நகர்த்திவிடாதீர்கள். கோயில் மதில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரியவில்லை என்றால் 1913-க்கு அதைப் புகார் செய்யுங்கள். அவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக அது இருக்கலாம். அடுத்தது கழிப்பறை. பொதுக் கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று விசாரியுங்கள். ராத்திரி போக இடம் இல்லாததால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்க் கடுப்பை வாங்கிக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர்.

கொடுக்க நினைத்தால்: கம்பளி வேண்டாம், நனைந்தால் காயாது. பருத்திப் போர்வை இரண்டு, நாடா கட்டத் துளையுள்ள தார்ப்பாய் ஒன்று, கொசுவலை, புது உள்ளாடை, நாப்கின், சோப்பு, செருப்பு. அக்டோபர் மழை தொடங்கும் முன்பே கொடுங்கள். வெள்ளம் வந்த பிறகு எல்லோரும் கொடுப்பார்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று கட்டாயம். பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் நனைந்து போனால் பள்ளிச் சேர்க்கையே சிக்கலாகும். நகல் எடுத்து ஒரு செட் நம்பகமான கடையில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று ஓடி வந்தவராக இருந்தால் பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளைத் தனியே விட்டு யாரோ வேலை வாங்குவது மாதிரித் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. தாயோடு இருக்கிற பிள்ளைகளை வறுமையைக் காட்டி மட்டும் பிரித்துக் கொண்டுபோக வழி செய்துவிடாதீர்கள்.

அவருக்கு வாக்காளர் அட்டை இல்லையென்றால் படிவம் 6 வாங்கிக் கொடுங்கள். முகவரிக் கட்டத்தில் அவர் படுக்கும் இடத்தையே எழுதலாம்: இன்ன தெரு, இன்ன கோயில் வடக்கு மதில். வீடற்றவருக்கு முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அங்கேதான் தூங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவு பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அலுவலர் வரும் வாரத்தை முன்கூட்டியே கேட்டு அந்தப் பெண்ணிடம் சொல்லிவையுங்கள், அவர் விடிகாலையில் பூ வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் அந்த நேரத்தை அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் வந்தால் மதில் ஓரம் வெறும் பாய்தான் இருக்கும்.